நீதிபீடமும் மக்கள் மன்றமும்: சி. வி. விக்னேஸ்வரனின் அரசியல் வாழ்வும் மாகாண சபை அதிகாரத்தின் எல்லைகளும்

முனைவர்பட்ட ஆய்வாளர், திருமுடிவாக்கம், சென்னை

ஆய்வுச்சுருக்கம்

இலங்கை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதியரசர் சி. வி. விக்னேஸ்வரன், 2013 முதல் 2018 வரை வடக்கு மாகாண முதலமைச்சராகவும் 2020 முதல் 2024 வரை நாடாளுமன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். அவருடைய அரசியலை மதிப்பிடும் எழுத்துகள் பெரும்பாலும் அவருடைய தனிப்பட்ட இயல்பையே காரணமாகக் காட்டுகின்றன. இக்கட்டுரை அந்த இயல்போடு அவர் வகித்த பதவியின் சட்ட அமைப்பையும் சேர்த்து ஆராய்கிறது. விசாரித்து, முடிவு கண்டு, அதனை எழுத்தில் அறிவிக்கும் நீதிமன்றப் பழக்கமும், நிறைவேற்றும் அதிகாரத்தை ஆளுநரிடம் வைத்திருக்கும் மாகாண சபை அமைப்பும் ஒன்றையொன்று சந்தித்தபோது, அறிவிப்பையே முதன்மைக் கருவியாகக் கொண்ட ஓர் அரசியல் உருவானது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: விக்னேஸ்வரன், வடக்கு மாகாண சபை, பதின்மூன்றாம் திருத்தம், ஆளுநர், அதிகாரப் பகிர்வு, ஓய்வுபெற்ற நீதிபதிகள்.

முன்னுரை

ஈழத்தமிழர் அரசியலை ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் நடத்தியவர்களுள் வழக்கறிஞர்கள் முதலிடம் பெறுகின்றனர். ஜி. ஜி. பொன்னம்பலம், சா. ஜே. வே. செல்வநாயகம், மு. திருச்செல்வம், அ. அமிர்தலிங்கம், இரா. சம்பந்தன் ஆகிய அனைவரும் சட்டத்தரணிகள். கட்சிக்காரர் சார்பில் வாதிடுவதும் இயன்றவிடத்து எதிர்த்தரப்போடு உடன்படிக்கைக்கு வருவதும் வழக்கறிஞர் தொழிலின் இயல்பு. 1957 ஆம் ஆண்டின் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தமும் 1965 ஆம் ஆண்டின் டட்லி – செல்வநாயகம் ஒப்பந்தமும் அத்தகைய அரசியலின் விளைவுகள். இரண்டும் நிறைவேற்றப்படவில்லை.

2013 ஆம் ஆண்டில் இவ்வரிசைக்குள் வழக்கறிஞராகத் தொடங்கி நீதிபதியாக ஓய்வுபெற்ற ஒருவர் வந்தார். நீதிபதி எத்தரப்புக்காகவும் பேரம் பேசுவதில்லை. இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புரைக்கிறார். அத்தீர்ப்பைச் செயற்படுத்தும் பொறுப்பு வேறு அமைப்புகளைச் சேர்ந்தது. இப்பழக்கம் அரசியலுக்கு வரும்போது என்ன நிகழ்கிறது என்ற வினாவே இவ்வாய்வின் தொடக்கம்.

வடக்கு மாகாணம் தனித்த அலகாக இருந்த நிலையில் அதன் சபைக்கு இதுவரை ஒரே ஒரு தேர்தல்தான் நடந்துள்ளது. அச்சபையின் ஐந்தாண்டுக் காலம் 2018 அக்டோபரில் முடிந்த பின்னர் மாகாண நிர்வாகம் ஆளுநர் கையிலேயே இருந்துவருகிறது. ஆகவே விக்னேஸ்வரனின் ஆட்சிக்காலம், வடக்கில் மாகாண சபை முறை எவ்வாறு இயங்கும் என்பதற்குக் கிடைத்துள்ள ஒரே நேரடிச் சான்றாகும். அது முழுவதையும் ஒருவருடைய குணநலனாகச் சுருக்கினால் அச்சான்று பயனற்றுப்போகும்.

கட்டுரையில் வரும் கலைச்சொற்கள் குறித்து ஒரு விளக்கம் தேவை. இலங்கையில் 'உயர் நீதிமன்றம்' என்பது நாட்டின் தலைமை நீதிமன்றத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டில் அது மாநில அளவிலான நீதிமன்றம். இலங்கையில் அதற்கு அடுத்த நிலையில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதன்கீழ் மேல் நீதிமன்றங்களும் உள்ளன. மாகாண சபை இயற்றும் சட்டம் 'நியதிச் சட்டம்' எனப்படும்.

1. ஓய்வுபெற்ற நீதிபதிகளும் அரசியல் பதவிகளும்

இந்திய அரசமைப்பின் 124(7) ஆம் உறுப்பு, உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் எந்த நீதிமன்றத்திலும் வழக்காடுவதைத் தடுக்கிறது. இலங்கை அரசமைப்பின் 110(3) ஆம் உறுப்புரை, உயர் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆகியவற்றின் நிரந்தர நீதிபதிகளாக இருந்தவர்கள் சனாதிபதியின் எழுத்துமூல இசைவின்றிச் சட்டத்தரணியாகத் தொழில் புரிவதைத் தடுக்கிறது. இரண்டுமே நீதிமன்றத்துக்குத் திரும்பி வருவதைத்தான் கட்டுப்படுத்துகின்றன. தேர்தலில் நிற்பதற்கோ ஆளுநராவதற்கோ தடை கூறவில்லை.

இவ்வகையில் நீதிபதிகள் அரசியலுக்குள் வரும் வழிகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, கருத்துரைப்பவராக வருதல். சென்னை உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி பி. வி. இராஜமன்னார், 1969 இல் தமிழ்நாடு அரசு அமைத்த மத்திய – மாநில உறவுக் குழுவுக்குத் தலைமை ஏற்று 1971 இல் அறிக்கை அளித்தது இதற்குச் சான்று. இரண்டாவது, நியமனம் பெறுதல். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான எம். பாத்திமா பீவி 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்தார். இந்தியத் தலைமை நீதிபதியாக ஓய்வுபெற்ற பி. சதாசிவம் 2014 இல் கேரள ஆளுநரானார். மூன்றாவது, தேர்தலில் நிற்றல். 1967 இல் இந்தியத் தலைமை நீதிபதிப் பதவியை விட்டு விலகிய கே. சுப்பாராவ் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜாகிர் உசேனிடம் தோற்றார். 1957 இல் கேரள அமைச்சராக இருந்து பின்னர் நீதிபதியான வி. ஆர். கிருஷ்ணய்யர், ஓய்வுக்குப் பின் 1987 இல் அதே பதவிக்குப் போட்டியிட்டு ஆர். வெங்கட்ராமனிடம் தோற்றார்.

எனினும் இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் மக்கள் நேரடியாக வாக்களிப்பதில்லை. பொதுமக்களிடம் நேரடியாக வாக்குக் கேட்டு, வென்று, ஓர் அரசாங்கத்துக்குத் தலைமை ஏற்ற முன்னாள் நீதியரசர் என்ற வகையில் விக்னேஸ்வரனின் வரலாறு தனித்த கவனத்துக்குரியது.

2. நீதித்துறை வாழ்வு

விக்னேஸ்வரன் 1939 அக்டோபர் 23 அன்று கொழும்பில், நீதிமன்றங்கள் சூழ்ந்த புதுக்கடைப் பகுதியில் பிறந்தார். பெற்றோர் யாழ்ப்பாணத்து மானிப்பாயைச் சேர்ந்தவர்கள். கொழும்பு றோயல் கல்லூரியிலும் பின்னர் சட்டக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரானார். 1979 இல் நீதித்துறைப் பணியில் சேர்ந்து நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் மேல் நீதிமன்ற நீதிபதியாகவும் உயர்ந்தார். 1995 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் 2001 இல் உயர் நீதிமன்றத்துக்கும் நியமனம் பெற்று 2004 அக்டோபரில் ஓய்வு பெற்றார்.

உயர் நீதிமன்ற நீதியரசராகப் பதவியேற்றபோது நடந்த வரவேற்பு அமர்வில், தமிழரின் குறைகளை அவர் வெளிப்படையாகப் பேசியது அக்காலத்தில் கவனிக்கப்பட்டது. ஆயினும் கட்சி அரசியலில் அவர் எப்போதும் இருந்ததில்லை. வாழ்வின் பெரும்பகுதியைக் கொழும்பிலேயே கழித்தவர். இவ்விரண்டு செய்திகளும் பின்னாளில் அவருக்கு ஒருசேர வலிமையாகவும் குறையாகவும் அமைந்தன. எக்குழுவையும் சாராதவர் என்பதால் அவரைப் பல கட்சிகளும் ஏற்றன. எக்குழுவையும் சாராதவர் என்பதாலேயே நெருக்கடி வந்தபோது சபைக்குள் அவருக்கென்று ஓர் அணி இருக்கவில்லை.

3. 2013: வேட்பாளர் தெரிவும் தேர்தலும்

அந்த ஆண்டு இலங்கை நீதித்துறைக்கு நெருக்கடியோடு தொடங்கியது. மாகாணங்களின் அதிகாரத்தைத் தொட்ட திவிநெகும சட்டமூலத்தில் அரசாங்கத்துக்கு உகந்ததல்லாத முடிவை உயர் நீதிமன்றம் வழங்கியிருந்தது. அதன் பின்னர்ப் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க மீது குற்றப்பிரேரணை கொண்டுவரப்பட்டு, 2013 சனவரியில் அவர் பதவி நீக்கப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் பொதுநலவாய நாடுகளின் உச்சிமாநாடு கொழும்பில் நடைபெறவிருந்தது. இத்தகைய சூழலில் போர் முடிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் வடக்கில் மாகாண சபைத் தேர்தல் அறிவிக்கப்பட்டது.

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, கட்சிக்குள் மூத்தவரான மாவை சேனாதிராசாவின் பெயரும் பேசப்பட்ட நிலையில், 2013 சூலையில் விக்னேஸ்வரனை முதலமைச்சர் வேட்பாளராக அறிவித்தது. உலக அரங்கிலும் தென்னிலங்கையிலும் மதிக்கப்படக்கூடிய ஒருவர் தேவை என்ற சம்பந்தனின் கணிப்பு இத்தெரிவில் செயற்பட்டது. செப்டம்பர் 21 அன்று நடந்த தேர்தலில் கூட்டமைப்பு 78 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்று, 2 போனஸ் ஆசனங்கள் உட்பட 38 இடங்களில் 30 ஐக் கைப்பற்றியது. யாழ்ப்பாண மாவட்டத்தில் விக்னேஸ்வரனுக்கு 1,32,255 விருப்பு வாக்குகள் கிடைத்தன. அப்போது அவருக்கு வயது 73.

அக்டோபர் 7 அன்று கொழும்பில் சனாதிபதி மகிந்த ராசபக்ச முன்னிலையில் அவர் பதவியேற்றார். இணக்கத்தின் அடையாளமாகக் கருதப்பட்ட அந்நிகழ்வைக் கூட்டமைப்பின் சில உறுப்புக் கட்சிகள் எதிர்த்தன. பின்னாளில் கடும்போக்காளர் எனப் பெயர்பெற்ற ஒருவருடைய அரசியல், மிதவாதி என்ற குற்றச்சாட்டோடு தொடங்கியது என்பதை மறத்தலாகாது.

4. பதின்மூன்றாம் திருத்தமும் இரு நீதியரசர்களும்

1987 சூலை 29 அன்று கையெழுத்தான இந்திய – இலங்கை உடன்படிக்கையைத் தொடர்ந்து அதே ஆண்டு நவம்பரில் பதின்மூன்றாம் திருத்தம் நிறைவேறியது. அதற்கு முன்பாக, இத்திருத்தத்துக்கு மக்கள் தீர்ப்பு தேவையா என்ற வினாவை ஒன்பது நீதியரசர்கள் அடங்கிய உயர் நீதிமன்ற ஆயம் ஆராய்ந்தது. ஐந்துக்கு நான்கு என்ற அளவிலேயே திருத்தம் தப்பியது. பெரும்பான்மைத் தரப்பில் பிரதம நீதியரசர் சு. சர்வானந்தா இருந்தார். மாகாண சபைகள் மத்திய அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவை. ஆளுநர் வழியாகச் சனாதிபதியின் கட்டுப்பாடு தொடர்கிறது. ஆகவே ஒற்றையாட்சிக்கு இத்திருத்தம் முரணாகாது என்பது அத்தரப்பின் வாதத்தின் சாரம்.

இவ்வாதம் திருத்தத்தைக் காப்பாற்றியது. அதே வேளையில் அதன் எல்லையையும் வரையறுத்தது. மாகாண சபை சட்டப்படி செல்லுபடியாவதற்குச் சொல்லப்பட்ட காரணமே அது மத்திக்குக் கீழ்ப்பட்டது என்பதுதான். 154ஆ உறுப்புரையின்படி ஆளுநரைச் சனாதிபதி நியமிக்கிறார். 154இ உறுப்புரையின்படி மாகாணத்தின் நிறைவேற்றதிகாரம் ஆளுநருக்குரியது. 154ஊ உறுப்புரை, ஆளுநர் அமைச்சர் குழுவின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்று கூறி, அவருடைய தற்றுணிபுக்குரிய விடயங்களை அதிலிருந்து விலக்குகிறது. 1987 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம், மாகாணப் பொதுச்சேவையையும் நிதி தொடர்பான நியதிச் சட்டங்களுக்கான பரிந்துரையையும் ஆளுநரிடம் ஒப்படைத்தது.

சர்வானந்தா 1988 இல் ஓய்வுபெற்றபின் மேல் மாகாணத்தின் முதலாவது ஆளுநரானார். கால் நூற்றாண்டுக்குப் பின் அதே நீதிமன்றத்தின் மற்றொரு தமிழ் நீதியரசர் வடக்கின் முதலமைச்சரானார். ஒருவர் நியமனத்தின் வழியாகவும் மற்றவர் வாக்குகளின் வழியாகவும் ஒரே சட்ட அமைப்புக்குள் நுழைந்தனர். அவ்வமைப்பில் அதிகாரம் நியமனம் பெற்றவரிடம் இருந்தது; மக்களின் ஆணை தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம் இருந்தது. விக்னேஸ்வரனின் ஐந்தாண்டு ஆட்சியைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு அடிப்படையானது.

இதன் நடைமுறைப் பொருள் விரைவிலேயே தெரிந்தது. தேர்தல் முடிந்த ஐந்தாம் நாள், 2013 செப்டம்பர் 26 அன்று, மலையகத்தைச் சேர்ந்த சோலைமுத்து ராசு என்பவர் தொடர்பான வழக்கில், அரச காணி மீதான அதிகாரம் மத்திய அரசுக்கே உரியது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு நுவரெலியாவில் உள்ள ஒரு தோட்டக் காணியைப் பற்றியது. ஆனால் போருக்குப் பின் இராணுவத்தின் வசமிருந்த காணிகளை மீட்பதை முதன்மைக் கோரிக்கையாகக் கொண்டு வென்ற வடக்கின் சபைக்கு, பதவியேற்கும் முன்னரே அக்கதவு பாதி மூடப்பட்டது.

5. ஆளுநரும் பிரதம செயலாளரும்

புதிய சபை பொறுப்பேற்றபோது வடக்கின் ஆளுநராக இருந்தவர், யாழ்ப்பாணப் படைத் தளபதியாக இருந்து ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஜி. ஏ. சந்திரசிறி. அவருக்குப் பதிலாகக் குடிசார் பின்னணியுடைய ஒருவர் வேண்டும் என்று முதலமைச்சர் தொடர்ந்து கோரினார். 2015 சனவரியில் ஆட்சி மாறிய பின்னரே அது நிறைவேறியது. முதலமைச்சர் நிதியம் ஒன்றை அமைப்பதற்கான நியதிச் சட்ட வரைவுக்கு ஆளுநரின் இசைவு கிடைக்கவில்லை. புலம்பெயர்ந்தோரின் உதவியை மாகாணத்தின் புனர்வாழ்வுப் பணிகளுக்கு நேரடியாகப் பெறும் வழி அதனால் அடைபட்டது.

2014 இல் முதலமைச்சர் அதிகாரிகளுக்கு வெளியிட்ட ஒரு சுற்றறிக்கை தொடர்பில் மாகாணப் பிரதம செயலாளர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது வியப்பளிக்கலாம். இந்திய மாநிலத்தின் தலைமைச் செயலாளர் முதலமைச்சருக்கு எதிராக இவ்வாறு வழக்காடும் நிலையை எளிதில் கற்பனை செய்ய இயலாது. இலங்கையில் பிரதம செயலாளரை நியமிப்பவர் சனாதிபதி என்பதே வேறுபாட்டுக்குக் காரணம். அமைச்சரவை ஒருபுறமும் அலுவலர் அமைப்பு மறுபுறமும் இருவேறு தலைமைகளை நோக்கி நின்றன.

2014 நவம்பரில் சென்னையில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் ஏற்பாடு செய்த கே. ஜி. கண்ணபிரான் நினைவுச் சொற்பொழிவில் விக்னேஸ்வரன் இவ்வனுபவத்தையே பொருளாக எடுத்துக்கொண்டார். பதின்மூன்றாம் திருத்தத்தின் குறைகளை உறுப்புரை வாரியாக எடுத்துக்காட்டிய அவ்வுரையின் அமைப்பு, மேடைப் பேச்சைவிட நீதிமன்ற ஆய்வுரைக்கு நெருக்கமானது. பதவியிலிருக்கும் ஒரு முதலமைச்சர் தம் பதவியின் போதாமையை அயல்நாட்டு மேடையில் சட்டப்படி நிறுவினார் என்பதே அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதைக் காட்டும்.

6. தீர்மானமும் தீர்ப்பும்: 2015 பிப்ரவரி

செயலாக்க வழிகள் குறுகியபோது சபையின் தீர்மானங்கள் முதன்மை பெற்றன. அவற்றுள் மிகவும் அறியப்பட்டது 2015 பிப்ரவரி 10 அன்று முதலமைச்சரே முன்மொழிந்து சபை ஒருமனதாக ஏற்ற தீர்மானமாகும். இலங்கையின் அடுத்தடுத்த அரசாங்கங்கள் தமிழருக்கு எதிராக இனப்படுகொலை புரிந்தன என்றும் அதனை ஐக்கிய நாடுகள் அவை விசாரிக்க வேண்டும் என்றும் அது கோரியது. சபையின் தொடக்க காலத்தில் இச்சொல்லைப் பயன்படுத்துவதில் அவர் தயக்கம் காட்டியிருந்தார். ஆகவே இத்தீர்மானம் அவருடைய நிலைப்பாட்டில் ஏற்பட்ட பெரும் திருப்பமாகப் பார்க்கப்பட்டது.

தீர்மானத்தின் வடிவம் ஆய்வுக்குரியது. விடுதலைக்குப் பிந்தைய நிகழ்வுகளை வரிசைப்படுத்தி, 1948 ஆம் ஆண்டின் இனப்படுகொலை உடன்படிக்கையின் கூறுகளோடு அவற்றைப் பொருத்தி, இறுதியில் முடிவு கூறும் முறையில் அது அமைந்துள்ளது. பொருண்மை, சட்டம், முடிவு என்ற இவ்வரிசை தீர்ப்பெழுதும் மரபுக்குரியது. தீர்மானம் நிறைவேறிய ஒரு வாரத்துக்குள், மார்ச்சில் வெளிவரவிருந்த ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகத்தின் அறிக்கை செப்டம்பருக்கு ஒத்திவைக்கப்பட்டது. புதிய அரசாங்கத்தோடு பேச்சு நடத்திப் படிப்படியாகப் பயன்பெற முயன்ற சம்பந்தனின் அணுகுமுறைக்கும், முடிவை முன்கூட்டியே அறிவித்துவிடும் முதலமைச்சரின் அணுகுமுறைக்கும் இடையே இருந்த தூரம் இங்கே வெளிப்பட்டது.

இவ்விரண்டில் எது சரி என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும் ஒன்றைக் கூறலாம். ஆளுநரின் இசைவோ மத்தியின் நிதியோ இன்றி மாகாண சபை சுயமாகச் செய்யக்கூடிய செயல்களுள் தீர்மானம் நிறைவேற்றுதல் முதன்மையானது. காணி, காவல், நிதி, அலுவலர் ஆகிய அனைத்திலும் தடைபட்ட ஒரு சபை சொல்லின் பக்கம் திரும்பியதற்கு அதன் தலைவரின் தொழிற்பழக்கம் துணைசெய்தது. ஆனால் அப்பழக்கம் மட்டுமே காரணமன்று. 2015 டிசம்பரில் அவர் இணைத்தலைமை ஏற்றுத் தொடங்கிய தமிழ் மக்கள் பேரவையும், 2016 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் நடந்த 'எழுக தமிழ்' பேரணியும் அதே திசையில் அமைந்த அடுத்த கட்டங்கள்.

மறுபுறம், கிடைத்த அளவான அதிகாரத்தைக்கூடப் பயன்படுத்தி மக்களின் அன்றாடத் தேவைகளை நிறைவேற்றவில்லை என்ற குறைகூறல் அவர் மீது வலுவாக எழுந்தது. போரில் குடும்பத் தலைவரை இழந்த பெண்கள், இடம்பெயர்ந்தோர், வேலையற்ற இளைஞர் ஆகியோரை நோக்கும்போது அக்குறைகூறலைப் புறக்கணிக்க இயலாது. சுகாதாரம், கல்வி, விவசாயம், உள்ளூர்ப் போக்குவரத்து போன்ற துறைகளில் மாகாணத்துக்கு ஓரளவு இடமிருந்தது. அவ்விடத்தை நிரப்பத் தேவையானது அலுவலர்களோடும் கட்சிகளோடும் நாள்தோறும் இணங்கியும் பிணங்கியும் செய்யவேண்டிய பணி. அறிக்கை எழுதும் பழக்கம் அதற்கு ஈடாகாது.

7. 2017: விசாரணையும் நம்பிக்கையில்லாப் பிரேரணையும்

மாகாண அமைச்சர்கள் மீது முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள் எழுந்தபோது, முதலமைச்சர் ஓய்வுபெற்ற நீதிபதிகளை உள்ளடக்கிய விசாரணைக் குழுவொன்றை நியமித்தார். அக்குழு அமைச்சர்கள் இருவர் மீது குறைகண்டது. 2017 சூன் 14 அன்று அவ்விருவரையும் பதவி விலகுமாறும், மற்ற இருவரை மேலும் விசாரணை நடக்கும்வரை விடுப்பில் செல்லுமாறும் அவர் சபையில் அறிவித்தார்.

தூய நிர்வாகம் என்ற நோக்கில் இது பாராட்டத்தக்க செயல். இலங்கை அரசியலில் தம் அமைச்சர்கள் மீதே விசாரணை நடத்திய முதலமைச்சர்கள் அரியர். ஆயினும் அமைச்சர் குழு கூட்டணிக் கட்சிகளின் பங்கீட்டில் அமைந்தது. குற்றம் காணப்படாதவரையும் விலகியிருக்கச் சொன்னது இயற்கை நீதிக்கு மாறானது என்று எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். நீதி பற்றிய மொழி இப்போது நீதியரசருக்கு எதிராகவே எடுத்தாளப்பட்டது. அன்றிரவே தமிழரசுக் கட்சியினர் முன்னின்று 21 உறுப்பினர்கள் கையொப்பமிட்ட நம்பிக்கையில்லாப் பிரேரணையை ஆளுநர் றெஜினோல்ட் குரேயிடம் அளித்தனர்.

சபைக்குள் பெரும்பான்மையை இழந்த முதலமைச்சருக்கு வெளியே ஆதரவு பெருகியது. சூன் 16 அன்று அவருக்கு ஆதரவாகக் கடையடைப்பு நடந்தது. சம்பந்தனோடு நிகழ்ந்த கடிதப் பரிமாற்றத்தையும் சமயத் தலைவர்களின் முயற்சியையும் தொடர்ந்து, விடுப்பு நிபந்தனை தளர்த்தப்பட்டுப் பிரேரணை திரும்பப் பெறப்பட்டது. தமிழ்ப் பிரதிநிதிகள் தம் முதலமைச்சரைப் பற்றிய முறையீட்டை மத்தியின் பிரதிநிதியான ஆளுநரிடம் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது என்பது இந்நிகழ்வின் துயரமான பகுதி. சட்டப்படி அதற்கு வேறு இடமில்லை.

8. நீக்கும் அதிகாரம் யாருக்கு?

2017 ஆகஸ்டில் மீன்பிடி, போக்குவரத்து அமைச்சர் பா. டெனீஸ்வரனை முதலமைச்சர் பதவியிலிருந்து அகற்றினார். டெனீஸ்வரன் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை அணுகினார். 2018 சூன் இறுதியில் நீக்கத்துக்கு இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. அவ்வாணை செயற்படுத்தப்படவில்லை எனக் கூறி, முன்னாள் உயர் நீதிமன்ற நீதியரசர் மீது நீதிமன்ற அவமதிப்பு மனுவும் தாக்கலானது. 2019 ஆகஸ்டில், மாகாண அமைச்சரை நீக்கும் அதிகாரம் முதலமைச்சருக்கு இல்லை என நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

154ஊ(5) உறுப்புரை, முதலமைச்சரின் ஆலோசனைப்படி ஆளுநர் மற்ற அமைச்சர்களை நியமிப்பார் என்று மட்டுமே கூறுகிறது. நீக்கம் பற்றி அது பேசவில்லை. மக்களாட்சி மரபின்படி அமைச்சரவையின் தலைவரே அமைச்சர் நீடிப்பதைத் தீர்மானிப்பவர் என்பது விக்னேஸ்வரன் தரப்பு நிலைப்பாடு. நியமிப்பவரிடமே நீக்கும் அதிகாரமும் உள்ளது என்ற சட்ட விளக்கமே வென்றது. இந்தியாவிலும் 164(1) ஆம் உறுப்பு இதே இடைவெளியைக் கொண்டது. 2023 சூன் 29 அன்று தமிழ்நாட்டு ஆளுநர் ஆர். என். ரவி, அமைச்சர் வி. செந்தில் பாலாஜியை முதலமைச்சரின் பரிந்துரையின்றி நீக்குவதாக அறிவித்து, சில மணி நேரத்தில் அவ்வறிவிப்பை நிறுத்திவைத்தார். இந்தியாவில் பல பத்தாண்டுகளாக வலுப்பெற்ற நாடாளுமன்ற மரபு அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. ஒரே ஒரு சபைக் காலத்தைக் கண்ட வட மாகாணத்தில் அத்தகைய மரபு உருவாகவே வாய்ப்பில்லை.

ஆளுநரின் மேலாண்மையை ஐந்தாண்டுகள் எதிர்த்த ஒருவர், தம் அமைச்சரைத் தாமே நீக்கியதன் மூலம், அம்மேலாண்மையை உறுதிசெய்யும் ஒரு தீர்ப்புக்கு வழிவகுத்தார். எதிர்கால முதலமைச்சர்களையும் அத்தீர்ப்பு பாதிக்கும் என்பதால் இது தனிமனிதத் தோல்வியைவிடப் பெரிய விளைவுடையது.

9. கட்சித் தலைவராகவும் நாடாளுமன்றத்திலும்

சபையின் காலம் முடிவுற்ற வேளையில், 2018 அக்டோபர் 24 அன்று, தமிழ் மக்கள் கூட்டணி என்ற கட்சியை அவர் அறிவித்தார். 2020 ஆகஸ்ட் 5 நாடாளுமன்றத் தேர்தலில் வேறு சில கட்சிகளோடு இணைந்து மீன் சின்னத்தில் போட்டியிட்ட தமிழ் மக்கள் தேசியக் கூட்டணி, நாடு முழுவதிலும் 51,301 வாக்குகளும் ஓர் இடமும் பெற்றது. யாழ்ப்பாணத்தில் 21,554 விருப்பு வாக்குகளோடு விக்னேஸ்வரன் வென்றார். மாகாணத் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் ஒன்றல்ல; இரு எண்களையும் நேரடியாக ஒப்பிடல் தகாது. ஆயினும் 2013 இல் அவர் பெற்ற வாக்குகளில் எவ்வளவு பங்கு கூட்டமைப்புக்கு உரியது என்பதை இவ்விரு எண்களுக்கு இடையிலான தூரம் உணர்த்துகிறது.

ஆகஸ்ட் 20 அன்று சபாநாயகரை வாழ்த்திப் பேசிய முதல் உரையில், இந்நாட்டின் தொல்குடிகளின் மொழி தமிழே என்ற பொருளில் அவர் கூறியதை அவைக் குறிப்பிலிருந்து நீக்கக் கோரிக்கை எழுந்தது. சபாநாயகர் அதனை ஏற்கவில்லை. அவருடைய அரசியலின் முழு வடிவும் இந்நிகழ்வில் அடங்கியுள்ளது. சொல் பதிவேட்டில் நிலைத்தது. ஆட்சியில் எதுவும் மாறவில்லை. 2024 செப்டம்பர் சனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனை அவர் ஆதரித்தார். அதே ஆண்டு நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. அவருடைய கட்சிக்கும் இடம் கிடைக்கவில்லை. தென்னிலங்கைத் தலைமையுடைய தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 இடங்களில் 3 ஐ வென்றது அத்தேர்தலில்தான்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. இந்திய, இலங்கை அரசமைப்புகள் ஓய்வுபெற்ற உயர்நிலை நீதிபதிகள் வழக்காடுவதைக் கட்டுப்படுத்துகின்றன. அரசியல் பதவி ஏற்பதைத் தடுக்கவில்லை. தேர்தலின் வழியாக வந்தவர் என்ற வகையில் விக்னேஸ்வரன், நியமனத்தின் வழியாக வந்தவர்களிலிருந்து வேறுபடுகிறார்.

2. பதின்மூன்றாம் திருத்தம் 1987 இல் செல்லுபடியானதற்குக் கூறப்பட்ட காரணமே, 2013 க்குப் பின் வடக்கின் முதலமைச்சர் எதிர்கொண்ட தடையாக அமைந்தது.

3. செயற்படுத்தும் அதிகாரம் இல்லாத பதவியும், முடிவை அறிவிப்பதோடு பணி நிறைவுறும் நீதிமன்றப் பழக்கமும் ஒன்றையொன்று வலுப்படுத்தின. 2015 ஆம் ஆண்டுத் தீர்மானம் இச்சேர்க்கையின் வலிமையைக் காட்டுகிறது. 2017 ஆம் ஆண்டு நெருக்கடி அதன் குறையைக் காட்டுகிறது.

4. கட்சிக்கு அப்பாற்பட்டவர் என்ற தகுதி, வேட்பாளர் தெரிவில் உதவியது. கூட்டணி ஆட்சியை நடத்துவதில் உதவவில்லை.

வடக்கு மாகாண சபைக்கு மீண்டும் தேர்தல் நடைபெறும்போது பொறுப்பேற்பவர் வழக்கறிஞராகவோ ஆசிரியராகவோ இளைஞராகவோ இருக்கலாம். ஆளுநர், அலுவலர், நிதி, காணி ஆகியவை பற்றிய சட்ட ஏற்பாடுகள் இப்போதுள்ளவாறே இருக்குமாயின், அவரும் தீர்மானத்தையும் அறிக்கையையுமே நாடவேண்டிவரும். அப்போது எழும் குறைகளையும் அவருடைய குணத்தின்மேல் ஏற்றிவிட்டு அமைதி கொள்வது எளிது. முதலாவது சபையின் ஐந்தாண்டு ஆவணங்கள், சுற்றறிக்கைகள், இசைவு மறுக்கப்பட்ட நியதிச் சட்ட வரைவுகள், வழக்குக் கோப்புகள் ஆகியவற்றைத் தொகுத்துத் துறைவாரியாக ஆராய்வதே அவ்வெளிமையிலிருந்து நம்மை விலக்கும். அத்தகைய ஆய்வுகள் தமிழில் இனிமேல்தான் பெருக வேண்டும்.